விரை முறுக்கி ஒன்றை எடுத்த பிறகு குழந்தைப்பேறு: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை (கேள்வி)

27 வயது ஆண். 15 வயதில் தூக்கத்திலேயே இடது விரை முறுக்கிக்கொண்டது. வயிற்றுவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நடக்கும்போது சுமார் 20 மணி நேரம் ஓடிவிட்டது. இடது விரையை எடுத்துவிட்டு, அதே மயக்கத்திலேயே வலது விரையைத் தையல் போட்டு நிறுத்தியதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது.

இப்போது வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். அவராகவே போய் விந்துப் பரிசோதனை செய்திருக்கிறார். அளவு 1.8 மி.லி., அடர்த்தி மி.லி.க்கு 11 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 21 சதவீதம், இயல்பான வடிவம் 3 சதவீதம். விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். 8.9, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 512. ஸ்கேனில் வலது விரை 19 மி.லி., வேறு குறை எதுவும் எழுதவில்லை.

மூன்று கேள்விகள். ஒரு விரை இல்லாததால்தான் எண்ணிக்கை இப்படிக் குறைந்திருக்கிறதா? முறுக்கிய விரை மற்ற விரையையும் கெடுத்துவிடும் என்கிறார்களே, 12 வருஷம் கழித்தும் அது உண்டா? "ஒரு விரைதானே இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் கூடிவிடும்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா?

---

அறுவை அரங்கு

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: போடக்கூடாது. அடுத்த வாரம் போட வைத்திருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தைக் கருத்தரிப்பு சிகிச்சை பார்ப்பவர்கள் யாராவது விரிவாக எழுதுவார்கள்.

இனி முதல் கேள்வி. விரை பையின் பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இருக்காது. மணிக்குள் தொங்கும் நாக்கு மாதிரி விரை தண்டில் சும்மா ஆடும். இது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அதனால்தான் ஒரு பக்கம் முறுக்கினாலும் மறுபக்கத்தையும் அதே நேரத்தில் தைக்கிறோம். உங்களவருக்கு அதைச் செய்திருக்கிறார்கள். இருக்கிற ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்த வேலை அது.

முறுக்கு விழுந்ததும் முதலில் அடைபடுவது சிரை. ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. விரையைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறை விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறி, கடைசியில் தமனியும் அடைபடும். விரைக்குள் எல்லா செல்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை. விந்தணு உண்டாக்கும் செல்கள் முதலில் போகும், 4 முதல் 6 மணி நேரத்திலேயே. ஹார்மோன் சுரக்கும் லெய்டிக் செல்கள் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். காப்பாற்றியதாகச் சொல்லப்படும் சில விரைகள் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சுரந்துகொண்டு, விந்தணு எதுவும் தராமல் இருப்பது இதனால்தான்.

6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கும். 12 மணி தாண்டினால் வேகமாகச் சரியும், 24 மணி தாண்டினால் பிழைப்பது கொஞ்சம்தான். மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, எத்தனை சுற்று என்பதும் முக்கியம். அரைச் சுற்று முறுக்கு ஒரு நாள் தாங்கலாம், இரண்டு சுற்று விழுந்தது நாலு மணியில் கருத்துவிடலாம். அரங்கில் செய்வது இதுதான்: முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியில் விரையைப் பொதிந்து, மறுபக்கத்தைத் தைத்து முடிக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிஷம் விடுவோம். நிறம் திரும்பாவிட்டால் வெள்ளை உறையில் சின்னதாக ஒரு கீறல். உடனே சிவந்த ரத்தம் வந்தால் வைக்கலாம். பத்து நிமிஷம் பார்த்தும் வரவில்லை என்றால் எடுத்துவிடுவதுதான் சரி. 20 மணி நேரத்தில் அவர்கள் எடுத்ததில் தவறு சொல்ல எதுவும் இல்லை.

ஒரு விரை போனால் எண்ணிக்கை பாதியாகும் என்ற கணக்கு நிஜத்தில் அப்படி வராது. பருவ வயதில் ஒன்று போனால் மற்றது அதை ஈடுகட்டி வளரும். வளர்ந்த ஆணுக்கு 15 முதல் 25 மி.லி. இருப்பது வழக்கம். 19 மி.லி. என்பது நல்ல விரை. சராசரியாகப் பார்த்தால் எண்ணிக்கை இரண்டு விரை உள்ளவரைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனாலும் பெரும்பாலோருக்கு இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கும். 2016-ல் ஜர்னல் ஆஃப் யூராலஜியில் வந்த இஸ்ரேல் ஆய்வு ஒன்று, முறுக்கு வந்து பிறகு குழந்தைக்கு முயன்றவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டது. விரையை எடுத்தவர்களிலும் சரி, காப்பாற்றித் தைத்தவர்களிலும் சரி, கருத்தரித்தது சுமார் 90 சதவீதம். பொதுவான ஆண்களின் விகிதமும் அதுதான். ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், இருந்தாலும் கைக்கு வந்த குழந்தையைக் கணக்கெடுத்த ஆய்வு என்பதால் வெறும் விந்து எண்களைவிட இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

எஃப்.எஸ்.ஹெச். 8.9 பற்றி. இரண்டு விரை உள்ளவரிடம் இதைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். எஃப்.எஸ்.ஹெச்.சை அடக்கி வைக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் ஒற்றை விரையில் குறைவாகச் சுரக்கும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச்.சைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், எண் மேலே நிற்கும். எதிர்பார்க்கக்கூடியதுதான். வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

19 மி.லி. விரைக்கு 11 மில்லியன் என்பதுதான் எனக்குப் பொருந்தவில்லை. சாம்பிளில் ஏதோ இருக்கிறது. லேப் ஆட்கள் பாருங்கள்.

---

ஆண்ட்ராலஜி மேசை

எனக்கும் அதே சந்தேகம். நாலு விஷயம் தெரிய வேண்டும். எத்தனை நாள் இடைவெளி விட்டு எடுத்தார்? எங்கே எடுத்தார்? எடுத்த நேரமும் பார்த்த நேரமும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா? கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் உண்டா?

---

வைகைக்கரை

கேட்டுவிட்டேன். 12 நாள் விட்டிருந்தார். வீட்டில் எடுத்து, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. எடுத்த நேரம் ரிப்போர்ட்டில் இல்லை. அதற்கு ஆறு வாரம் முன்னால் டெங்கு, ஐந்து நாள் 103 டிகிரி. எடுக்கும்போது கொஞ்சம் கீழே சிந்தியதாகவும் சொல்கிறார்.

---

ஆண்ட்ராலஜி மேசை

அப்படியானால் இந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். இதை வைத்துக் கல்யாணம், சிகிச்சை எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விந்தணு உருவாக 74 நாள் ஆகும், வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரம். இன்று வரும் விந்தணு இரண்டரை, மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. ஆறு வாரம் முன்னால் 103 டிகிரி என்றால், பாதி வளர்ந்த நிலையில் காய்ச்சலில் அடிபட்டவைதான் இப்போது வந்திருக்கின்றன. இரண்டு விரை உள்ளவருக்கும் எண்ணிக்கை இதேபோல் விழும். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து முழு மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

12 நாள் இடைவெளி அதிகம். தேங்கிக் கிடந்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் செத்தவையும் அசையாதவையும் சேர்ந்து நீந்தும் சதவீதம் இறங்கும். 2 நாளுக்குக் குறையாமல் 7 நாளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நாங்கள் 3 அல்லது 4 நாள் கேட்போம். இரண்டாவது முறையும் அதே இடைவெளி விட்டால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

சிந்தியதுதான் பெரிய இழப்பு. முதலில் வரும் பங்கில்தான் விந்தணு அதிகம், பின்னால் வருவது பெரும்பாலும் சுரப்பிகளின் திரவம். முதல் துளிகள் கீழே போயிருந்தால் எண்ணிக்கை பாதியாகத் தெரியும். எந்தப் பங்கு சிந்தியது என்று சாம்பிள் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு மறைத்தால் தப்பான எண்தான் கைக்கு வரும். இதைக் கேட்டு எழுதி வைக்காத லேப் சரியான லேப் இல்லை.

ஒன்றரை மணி நேரப் பயணமும் கூடாது. விந்து வெளிவந்ததும் கெட்டியாக இருக்கும், 15 முதல் 30 நிமிஷத்தில் இளகும். இளகியதும் அசைவைப் பார்க்க வேண்டும், அரை மணியில் தொடங்கி ஒரு மணிக்குள். அதைத் தாண்டினால் நீந்துபவை களைத்து நிற்கும். 21 சதவீதம் என்பதில் பஸ்ஸின் பங்கு எவ்வளவு, விரையின் பங்கு எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த முறை லேபிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் தரும் அகலவாய் டப்பாவில், கையால் மட்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் வேண்டாம். கடையில் வாங்கும் ஆணுறையில் பிடிக்கவே கூடாது, அதில் இருப்பவை விந்தணுவை முடக்கும். வீட்டில்தான் முடியும் என்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, 50 நிமிஷத்துக்குள் மேசைக்கு வர வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது, வெயிலில் வண்டிப் பெட்டியில் வைக்கக்கூடாது. குறைந்தது இரண்டு பரிசோதனை, நடுவில் ஒரு மாதமாவது.

எண்களைப் படிக்கும் விதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மி.லி., அடர்த்தி 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தி, அதில் கடைசி 5 சதவீதம் எங்கே முடிகிறதோ அங்கே போட்ட கோடு. அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். அடர்த்தியை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள். 1.8 × 11 = 19.8 மில்லியன். அதில் 21 சதவீதம் என்றால் முன்னோக்கி நீந்துபவை சுமார் 4.2 மில்லியன். காய்ச்சல், சிந்தல், பயணம் மூன்றும் சேர்ந்த சாம்பிளில் இவ்வளவு என்பதை மறக்க வேண்டாம்.

விரை முறுக்கு வந்தவர்களுக்கென்று ஒன்று. அடுத்த முறை ஸ்லைடில் விந்தணுக்கள் தலையோடு தலை, வாலோடு வால் ஒட்டிக் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால் எம்.ஏ.ஆர். சோதனை சேர்க்கச் சொல்லுங்கள். விந்தணு மேல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அது. நீந்துபவற்றில் பாதிக்கு மேல் ஒட்டியிருந்தால் பொருட்படுத்துவோம். கொத்து இல்லை, அசைவு சரியாக இருக்கிறது என்றால் தேவையில்லை. ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்புரதச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

---

திசுத்தட்டு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், முறுக்கிய விரை மற்றதைக் கெடுக்குமா என்பது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? விந்தணு பருவ வயதில்தான் முதலில் தோன்றுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதற்கு முன்பே "இது நம்முடையது" என்று எல்லாவற்றையும் பழகி முடித்திருக்கும். அதனால் விந்தணுவை அது அந்நியமாகத்தான் பார்க்கும். இரண்டும் சந்திக்காமல் செர்ட்டோலி செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பூட்டிக்கொண்டு ஒரு வேலி போட்டிருக்கின்றன. முறுக்கில் அந்த வேலி உடைந்தால் எதிர்ப்புரதம் உண்டாகி மறுபக்கத்தையும் தாக்கும் என்பது கருத்து. எலிகளில் சில ஆய்வுகள் அப்படிக் காட்டின, சில காட்டவில்லை. மனிதர்களில் முறுக்கு வந்த சிலரிடம் எதிர்ப்புரதம் இருக்கிறது, ஆனால் அதனால் குழந்தை பிறப்பு குறைந்ததாக நிலையான ஆதாரம் வரவில்லை.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை நேரத்திலேயே மறுபக்க விரையிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், அந்த நிமிஷமே அங்கும் விந்தணு உற்பத்தியில் குறைகள் தெரிந்தன. சில மணி நேரத்தில் உண்டாகக்கூடிய மாற்றங்கள் இல்லை அவை. முறுக்கும் விரையே பிறவியிலேயே கொஞ்சம் குறையோடு வந்திருக்கலாம், மறுபக்கமும் அதே மாதிரி. முறுக்குக்குப் பிறகு எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களில் ஒரு பகுதிக்கு முறுக்கு காரணமே இல்லாமல் இருக்கலாம்.

உங்களவர் விஷயத்தில் செத்த விரை அன்றே வெளியே போய்விட்டது. 12 வருஷம் கழித்துப் புதிதாகத் தாக்க எதுவும் உள்ளே மிச்சமில்லை.

அறுவை அரங்கு எழுதியதில் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. கீறலில் நாலைந்து நிமிஷம் கழித்துக் கசியும் ரத்தத்தை நம்பிச் சாம்பல் நிற விரையை உள்ளே விடுவது. அப்படி வைத்தவற்றில் பாதி வரை பிறகு சுருங்கிப் போகின்றன. ரத்த ஓட்டம் திரும்பும்போது ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சிதைக்கும் மூலக்கூறுகள்தான் மிச்சமிருக்கும் செல்களைக் கொல்கின்றன. இரண்டு சுற்று முறுக்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிரித்த எலி விரைகளில் ரத்தம் முழுசாகத் திரும்பியும் விந்தணு உற்பத்தி திரும்பவில்லை. சின்னச் சின்ன மனித ஆய்வுகள் சிலவற்றில், எடுத்தவர்களைவிட வைத்தவர்களின் விந்துத் தரம் மோசமாக இருந்தது.

---

அறுவை அரங்கு

அந்த ஆய்வுகளில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர்தான். வேறு ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. மறுபக்க விரைக்கு நாளை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், ரத்தம் கசிகிற விரையை 14 வயதுப் பையனிடமிருந்து நான் எடுக்க மாட்டேன். விந்தணு தராவிட்டாலும் ஹார்மோன் தரும். அழுத்தம் ஏறியிருந்தால் வெள்ளை உறையை நீளமாகக் கீறி, விரையைச் சூழ்ந்த மெல்லிய உறையிலிருந்து ஒரு ஒட்டு எடுத்து மூடுகிறோம், உள்ளே இறுக்கம் குறைந்து நிறம் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சுருங்குவது பற்றிச் சொன்னது உண்மை. காப்பாற்றித் தைத்ததும் வேலை முடிந்தது என்று பெற்றோரிடம் சொல்வதில்லை. 3, 6, 12 மாதத்தில் ஸ்கேனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.71-ஆல் பெருக்கினால் கொள்ளளவு வரும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும்.

---

கருமுட்டை மேசை

டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. இந்தத் திரியில் ரொம்ப அவசரமானது இதுதான்.

விந்தணு உற்பத்திக்கு விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அதை உள்ளே சுரக்க வைப்பது பிட்யூட்டரி அனுப்பும் இன்னொரு ஹார்மோன், எல்.ஹெச். வெளியிலிருந்து ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும், "போதும்" என்று பிட்யூட்டரி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் நிறுத்தும், விரைக்குள் அளவு சரியும், மூன்று நாலு மாதத்தில் விந்தணு பூஜ்யத்தை நோக்கிப் போகும். 1990-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்டை ஆண் கருத்தடையாகவே போட்டுச் சோதித்தார்கள். குழந்தை வேண்டும் என்பவருக்குக் கருத்தடை ஊசியைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஒற்றை விரையில். 512 என்பது இயல்பான அளவு, அங்கே நிரப்ப எதுவும் இல்லை. ஏற்கெனவே போட்டவர் யாராவது இதைப் படித்தால்: நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருஷம் ஆகும். ஜிம்மில் போடும் ஸ்டீராய்டுக்கும் இதே கதைதான்.

அடுத்தது சத்து மாத்திரை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை எல்லோருக்கும் எழுதப்படுகிறது. 2020-ல் ஜாமா இதழில் வந்த, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் தினம் 30 மி.கி. துத்தநாகமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். விந்துத் தரமும் கூடவில்லை, குழந்தை பிறப்பும் கூடவில்லை. அந்தப் பணத்துக்குப் புகையை நிறுத்துவது, மடியில் லேப்டாப் வைக்காமல் இருப்பது நல்லது.

மூன்று மாதம் கழித்து எடுக்கும் இரண்டு ரிப்போர்ட்டும் எல்லைக்கு மேலே வந்தால் செய்ய எதுவும் இல்லை. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் இயல்பாக முயலட்டும். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம்.

இரண்டுமே குறைவாக வந்தால், இருக்கிற விரைப்பக்கம் நரம்புச் சுருள் (வெரிகோசீல், வீங்கிச் சுருண்ட சிரைகள்) இருக்கிறதா என்று நிற்க வைத்துக் கையால் பார்க்க வேண்டும். படுக்க வைத்தால் மறைந்துவிடும். வலது பக்கம் மட்டும் தனியாகச் சுருள் வருவது அபூர்வம், வந்தால் வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். மொத்தத்தில் ஒழுங்காக நீந்துபவை 5 முதல் 10 மில்லியன் இருந்தால் விந்தைக் கழுவிக் கருப்பையில் செலுத்தும் ஐ.யூ.ஐ. முயலலாம். அதற்குக் கீழே என்றால் விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி. அதில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். எண்ணிக்கை 5 மில்லியனுக்குக் கீழே என்றால் முறுக்கு மேல் பழியைப் போட்டு நிறுத்தாமல் குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் சோதனையும் செய்ய வேண்டும்.

ஒற்றை விரையும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்தவர்கள் இரண்டு சாம்பிள் உறையவைத்து வைப்பது நல்லது, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். அந்த ஒரு விரையில் எப்போதாவது அறுவை சிகிச்சை வந்தால், அரங்குக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் போகக்கூடாது. விரைப்பை வெறுமையாகத் தெரிவது சங்கடமாக இருந்தால் சிலிகோன் விரை வைத்துக்கொள்ளலாம், அது குழந்தைப்பேற்றைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

பெண் வீட்டில் சொல்லலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதுதான் வரும். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் அவரே நேராகச் சொல்லட்டும். கையில் சரியாக எடுத்த ரிப்போர்ட் இருக்கும்போது சொல்லட்டும், இந்த டெங்கு ரிப்போர்ட்டோடு வேண்டாம்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று. இவருடைய தம்பிக்கு 14 வயது. மாதத்தில் ஒருமுறை வலது விரையில் திடீரென்று வலி வந்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாகவே போய்விடுகிறதாம். உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல்.

---

இரவுப்பணி

வைகைக்கரை, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இது விட்டுவிட்டு வரும் முறுக்காக இருக்க நிறைய வாய்ப்பு. தானாக முறுக்கித் தானாகப் பிரிகிறது. ஒருநாள் பிரியாது. வலி இல்லாதபோது எடுத்த ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும், அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. விரையைப் பிடிக்கும் ஒட்டு இல்லாத அமைப்பு சில குடும்பங்களில் அண்ணன் தம்பிகளுக்குச் சேர்ந்தே வரும். இந்த வாரமே யூராலஜி சர்ஜனிடம் காட்டுங்கள். பையனை நிற்க வைத்துப் பார்த்தால் விரை நேராகத் தொங்காமல் கிடையாகக் கிடப்பது தெரியலாம். சந்தேகம் உறுதியானால் இரண்டு பக்கமும் நாள் குறித்துத் தைத்துவிடுவார்கள்.

அதற்குள் வலி வந்து, போகாமல் அப்படியே இருந்தால் செய்ய வேண்டியது. தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்கத் தாமதமாகும். எண்ணெய், ஒத்தடம், வலி மாத்திரை என்று அரை மணியைக்கூடக் கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது வண்டியில் ஏற்றுங்கள். ராத்திரியிலும் சர்ஜனும் மயக்க மருத்துவரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பக்கத்தில் காட்டிவிட்டு அங்கிருந்து ரெஃபர் வாங்கிப் போவதில்தான் மூன்று நாலு மணி நேரம் தொலைகிறது. உள்ளே நுழைந்ததும் "வயிற்றுவலி" என்று சொல்ல வேண்டாம். "விரையில் திடீர் வலி, இத்தனை மணிக்கு வந்தது, அண்ணனுக்கு முறுக்கி எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். பையன்கள் கூச்சத்தில் அடிவயிற்றைத்தான் காட்டுவார்கள். அண்ணனுக்கு 20 மணி நேரம் போனது அப்படித்தான் இருக்கும். அடிவயிற்று வலி என்று வரும் எந்தப் பையனையும் டவுசரை இறக்கிப் பார்க்காமல் அனுப்பக்கூடாது.

அங்கே பார்ப்பது ஐந்து விஷயம். விரை வீக்கம் 2 மதிப்பெண், விரை கல் மாதிரி இறுகியிருப்பது 2, உள்தொடையைத் தடவினால் விரை மேலே ஏறும் அனிச்சை இல்லாமை 1, வாந்தி அல்லது குமட்டல் 1, விரை மேலே ஏறி நிற்பது 1. ஐந்துக்கு மேல் வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அரங்குக்குப் போகலாம். நடுவில் இருந்தால் டாப்ளர் ஸ்கேன். அதிலும் பாதி முறுக்கில் ரத்த ஓட்டம் தெரியும், அதனால் தண்டு சுழல் மாதிரி சுருண்டிருக்கிறதா என்று மேலே வரை பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த வயதில் "இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாடிக் எழுதினால், சிறுநீரில் எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, எதனால் இன்ஃபெக்‌ஷன் என்று திருப்பிக் கேளுங்கள்.

அரங்கு தயாராகும் வரை டாக்டர் கையாலேயே முறுக்கைப் பிரித்துப் பார்க்கலாம். புத்தகத்தைத் திறப்பது போல விரையை வெளிப்பக்கம் திருப்புவது வழக்கம். ஆனால் மூன்றில் ஒருவருக்கு முறுக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். திருப்பும்போது வலி கூடினால் திசையை மாற்ற வேண்டும். வலி சட்டென்று நின்றால் பிரிந்திருக்கிறது. அதற்காக வீட்டுக்கு அனுப்பக்கூடாது, அரைச் சுற்று மிச்சமிருக்கலாம், அன்றே திறந்து தைக்க வேண்டும். வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம்.

---

அறுவை அரங்கு

தம்பிக்குத் தைக்கும் நாளில் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரையாத நூலில் மூன்று இடத்தில் தைத்தார்களா, அல்லது தோலுக்கு அடியில் பை செய்து வைத்தார்களா என்பது. கரையும் நூலில் தைத்தவை பிற்காலத்தில் மறுபடி முறுக்கியது உண்டு. தைத்த விரை முறுக்கவே முறுக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணனுக்கும் இது பொருந்தும். அந்த ஒரு வலது விரையில் எப்போது திடீர் வலி வந்தாலும், "எனக்குத்தான் ஏற்கெனவே தைத்திருக்கிறதே" என்று வீட்டில் உட்காராமல் இரவுப்பணி சொன்ன அதே வழியில் கிளம்ப வேண்டும். இருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படமெடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள், எந்த நூல் என்று எழுதிய வரி தெளிவாகத் தெரியும்படி.